செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், இருமல் மருந்தை அப்படியே கையில் கொடுக்கிறோம். நாப்கினை மட்டும் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறோம். எங்கப்பா சுற்றினார், நானும் சுற்றுகிறேன். இதை யார் ஆரம்பித்து வைத்தது?"

நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர் அவசரமாகக் காலை வணக்கப் படம் போட்டுப் பேச்சை மாற்றினார். வரலாறு நடத்தியே காலம் கழித்தவளுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் கை சும்மா இருக்குமா? மே 28 உலக மாதவிடாய் சுகாதார நாளும் வருகிறது. 2014 முதல் கடைப்பிடிக்கிறார்கள். சுழற்சி சராசரியாக 28 நாள், போக்கு சுமார் 5 நாள். அதனால் ஐந்தாம் மாதத்தின் 28ஆம் தேதி. நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பையன்களும் படிக்க வேண்டும். "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தாண்டிப் போகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

முதலில் நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். வீட்டுக்குத் தூரம். வீட்டு விலக்கு. மாதவிலக்கு. தீட்டு. முதல் மூன்றும் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை, அந்தப் பெண் எங்கே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. நாலாவது அவளைத் தொடலாமா கூடாதா என்று சொல்கிறது. பழந்தமிழில் 'பூப்பு' என்ற அழகான சொல் இருந்தது. தொல்காப்பியக் கற்பியலில் அந்தச் சொல் வெளிப்படையாகவே வருகிறது. பூப்புத் தோன்றிய நாள் முதல் பன்னிரண்டு நாள் கணவன் மனைவியைப் பிரிந்து இருக்கக் கூடாது என்று இலக்கணமே விதி சொல்கிறது. இலக்கண நூலில் எழுதக் கூச்சப்படவில்லை நம் முன்னோர்.

ஆனால் ஒதுக்கமும் பழையதுதான். புறநானூற்றின் 299ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. ஒரு மன்னனின் கொழுத்த குதிரைகள் போர்க்களத்தில் பின்வாங்கி நிற்கின்றன. எப்படி நிற்கின்றன என்பதற்கு முருகன் கோயிலில் பாத்திரத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களை உவமை சொல்கிறார் புலவர். கேட்டவர்களுக்கு உடனே புரிந்திருக்கும் என்றால், அந்தக் காலத்திலேயே அது தினமும் கண்ணில் படுகிற காட்சி. பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும், சபைக்கு இழுக்க வந்த துச்சாதனனிடம் பாஞ்சாலி தன் நிலையை நேராகவே சொல்கிறாள். சொன்ன பிறகும் இழுத்துப் போகிறான். அவள் மறைக்கவில்லை. கேட்டவன்தான் காதில் வாங்கவில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் கவனியுங்கள். ஒரு பெண் பூப்பெய்தினால் நாம் ஊரைக் கூட்டுகிறோம். மைக்செட், பந்தல், தாய்மாமன் சீர்வரிசை, இப்போது முச்சந்தியில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் பேனர். முதல் மாதம் ஊருக்கே தெரியும். இரண்டாவது மாதத்திலிருந்து அப்பாவுக்கும் அண்ணனுக்கும்கூடத் தெரியக் கூடாது. விழாவில் நாம் கொண்டாடியது அவள் கல்யாணத்துக்குத் தயார் என்ற செய்தியை. அவள் உடம்பைப் பற்றி அன்றும் யாரும் அவளிடம் பேசவில்லை.

இதைப் படித்து, "நம்ம ஊர்தான் மோசம், வெள்ளைக்காரன் அறிவாளி" என்று நினைத்துவிடாதீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் எழுதியதைக் கேளுங்கள்: மாதவிலக்கான பெண் நெருங்கினால் புது மது புளித்துவிடும், பயிர் கருகும், கண்ணாடி மங்கும், தேனீக்கள் செத்துப்போகும். நம் பாட்டி ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, துளசிச் செடிப் பக்கம் போகாதே என்றதற்கு அக்கா தங்கை மாதிரி இல்லையா? 1878இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், படித்த டாக்டர்களே கடிதம் எழுதி விவாதித்தார்கள்: மாதவிலக்கான பெண் தொட்டால் உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி கெடுமா கெடாதா என்று! அதைவிடப் பெரிய வேடிக்கை 1920இல் வியன்னாவில். பேலா ஷிக் என்ற பெரிய குழந்தை மருத்துவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு அவர் கண்டுபிடித்த பரிசோதனை அவர் பேரிலேயே இருக்கிறது. வேலைக்காரப் பெண்ணிடம் பூங்கொத்தைக் கொடுத்தார், மறுநாள் பூ வாடிவிட்டது. அவளுக்கு அந்த நாட்கள் என்று தெரிந்ததும், அவள் உடம்பிலிருந்து ஒரு விஷம் வருகிறது என்று கட்டுரையே எழுதினார். 'மெனோடாக்சின்' என்று அந்த விஷத்துக்குப் பெயரும் வைத்து, பல வருடம் ஆராய்ந்தார்கள். இல்லாத விஷத்துக்கு!

விஷயம் இதுதான். கருப்பையின் உள்பக்கம் ஒவ்வொரு மாதமும் ஒரு மெத்தைபோலச் சவ்வு வளர்கிறது. கரு தங்கினால் அதற்குப் படுக்கை. தங்கவில்லை என்றால் சவ்வு கரைந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. மொத்தமே இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு, டாக்டரைப் பார்க்க வேண்டும். கருமுட்டை சுழற்சியின் எந்தக் கட்டத்தில் வெளிவருகிறது என்பதையே 1920களில்தான் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் கினாவ்ஸும் தனித்தனியாகச் சரியாகச் சொன்னார்கள். அதுவரை மருத்துவர்களே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேசவே கூடாத விஷயத்தை யார் ஆராய்வார்கள்?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

1873இல் அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். பூப்பெய்திய பெண் மூளைக்கு அதிக வேலை கொடுத்தால் கருப்பைக்குப் போக வேண்டிய சக்தி வீணாகும், ஆகவே ஆண்களைப் போல் பெண்களுக்கு உயர்கல்வி கொடுப்பது ஆபத்து என்றார். புத்தகம் பரபரப்பாக விற்றது. இதற்குப் பதில் சொன்னவர் மேரி பட்னம் ஜேக்கோபி என்ற பெண் டாக்டர். அவர் கத்திச் சண்டை போடவில்லை. ஆயிரம் பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார், 268 பேர் பதில் எழுதினார்கள். சில பெண்களின் நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் மாதம் முழுவதும் அளந்து பார்த்தார். நன்றாகச் சாப்பிடும் ஆரோக்கியமான பெண் அந்த நாட்களில் படிப்பை, வேலையை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை என்று எண்களோடு நிறுவினார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. எழுதியவர் பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டி அது. பெண்களை மருத்துவ மாணவிகளாகவே சேர்க்காத ஹார்வர்ட், ஒரு பெண்ணின் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, பெரியவளானதும் பள்ளிக்குப் போவது நின்றது. அப்பா நாராயணசாமி வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தார். பிறகு மன்னரின் அனுமதியோடு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி ஆனார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டர் ஆனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் வைத்த விளக்கு. அந்த அப்பா மட்டும் ஊர் வழக்கப்படி விட்டிருந்தால் நமக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இல்லை. அப்படி அப்பா அமையாமல் அடுப்படியோடு நின்றுபோன முத்துலட்சுமிகள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை.

அதே 1912இல் கொச்சி சமஸ்தானத்தில் இன்னொன்று நடந்தது. திருப்பூணித்துறை அரசுப் பெண்கள் பள்ளி. ஆண்டுத் தேர்வு நேரத்தில் மாதவிலக்கானால் மாணவிகளும் ஆசிரியைகளும் வர முடியாத நிலை. தலைமையாசிரியர் இதைக் கல்வி ஆய்வாளரிடம் கொண்டுபோய், அந்த நாட்களுக்கு விடுப்பும், தேர்வைப் பிறகு எழுத அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆண் தலைமையாசிரியர், மேலதிகாரியிடம் வாயைத் திறந்து பேசினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கே விடிவு பிறந்தது.

எனக்குத் தெரிந்த வரலாற்று ஆவணம் ஒன்று உண்டு: வகுப்பு வருகைப் பதிவேடு. 34 வருடம் எடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பெண் பிள்ளைகள் பெயருக்கு நேரே மாதம் இரண்டு மூன்று நாள் 'ஆ' விழும். விடுப்புக் கடிதத்தில் எல்லாருக்கும் ஒரே வியாதி, "காய்ச்சல் காரணமாக". நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இருநூற்றுக்கும் மேல் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் இல்லை. குப்பைத்தொட்டி எதிலும் இல்லை. காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

இனி துணிக்கு வருவோம். நம் அம்மாக்கள், பாட்டிகள் பயன்படுத்தியது பழைய நூல்புடவைத் துணி. அதைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. நல்ல பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்தால் அது சுத்தமான துணிதான். ஆனால் வெயிலில் யார் காயப்போட விட்டார்கள்? மாட்டுக்கொட்டகை மூலையில், பாவாடைக்கு அடியில், கூரைச் செருகலில், காற்றும் வெளிச்சமும் படாத இடத்தில் காயும். பாதி ஈரத்தோடு மறுபடி கட்டுவார்கள். அரிப்பும் புண்ணும் நோய்த்தொற்றும் வந்தால் அதையும் வெளியே சொல்ல மாட்டார்கள். துணி கெடுதல் செய்யவில்லை கண்ணுகளா, மறைத்ததுதான் கெடுதல் செய்தது. இந்தப் பதிவில் ஒரு வரியை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடை நாப்கின் எப்படி வந்தது? அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 1890களிலேயே 'லிஸ்டர்ஸ் டவல்ஸ்' என்று விற்றுப் பார்த்தது. கடையில் போய்க் கேட்கப் பெண்கள் கூசியதால் அது ஓடவில்லை. பிறகு முதல் உலகப்போர். காயத்துக்குக் கட்டுப் போடப் பஞ்சு போதவில்லை. கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்று ஒன்றைச் செய்து கொடுத்தது. பஞ்சைவிட ஐந்து மடங்கு உறிஞ்சும், விலையும் குறைவு. போர்முனை மருத்துவமனைகளில் வேலை பார்த்த நர்சுகள் அதையே தங்கள் மாதத் தேவைக்கும் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய சரக்கை என்ன செய்வது என்று விழித்த நிறுவனத்துக்கு நர்சுகள் காட்டிய வழி கிடைத்தது. 1920இல் 'கோடெக்ஸ்' வந்தது. நாப்கினைக் கண்டுபிடித்தது யார் என்று என்னைக் கேட்டால், பெயர் தெரியாத அந்த நர்சுகள் என்பேன்.

இப்போது நம் மருந்துக்கடைக்காரர் கேள்விக்கு விடை. கோடெக்ஸையும் பெண்கள் வாய் திறந்து கேட்கவில்லை. கடைகளில் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: மேசைமேல் பொட்டலங்களை அடுக்கி, பக்கத்தில் ஒரு காசுப் பெட்டி. காசைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போகலாம். 1928இல் 'மோடெஸ்' என்ற போட்டி நாப்கின்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பத்திரிகை விளம்பரத்திலேயே ஒரு சீட்டு. அதைக் கத்தரித்துக் கடைக்காரரிடம் நீட்டினால் போதும், பேச வேண்டாம், எழுத்தில்லாத பொட்டலம் கைக்கு வரும். 'மௌனக் கொள்முதல் சீட்டு' என்றே அதற்குப் பெயர். நாப்கின் உலகம் முழுக்கப் பரவியபோது மௌனமும் அதோடு பார்சலாகியே பரவியது. நம் ஊர்க் கடையில் அது செய்தித்தாளாக, பிறகு கறுப்பு பாலிதீன் பையாக ஆனது. துணியை இருட்டில் காயவைத்த அதே பழக்கம்தான் கடைக்குக் குடிபெயர்ந்தது. ஆரம்பித்து வைத்தது உங்கள் அப்பா இல்லை தம்பி. ஆனால் முடித்து வைப்பது நீங்களாக இருக்கலாம்.

இந்த மௌனத்தை நம் தமிழ்நாட்டில் ஒருவர் உடைத்த கதை உங்களுக்குத் தெரியும். கோவை முருகானந்தம், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 1998இல் கல்யாணமான புதிதில், மனைவி எதையோ மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். கந்தல் துணி. ஏன் நாப்கின் வாங்கவில்லை என்று கேட்டால், வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கைவைக்க வேண்டும் என்றார் மனைவி. பஞ்சை வைத்துத் தானே செய்து பார்த்தார், சரிவரவில்லை. மனைவியும் தங்கைகளும் கருத்துச் சொல்லக் கூசினார்கள். கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து சோதித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மனைவி பிரிந்து போனார், அம்மாவும் போனார். உள்ளே இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. கோடிக்கணக்கில் விலை சொன்ன வெளிநாட்டு இயந்திரத்துக்கு மாற்றாகச் சுமார் 65,000 ரூபாயில் ஒரு சிறிய இயந்திரம் செய்தார். 2006இல் சென்னை ஐஐடியில் அதற்கு அங்கீகாரம், 2016இல் பத்மஸ்ரீ. மனைவியும் திரும்பி வந்தார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது இயந்திரம் இல்லை. "என்னம்மா மறைக்கிறே?" என்று ஒரு கணவன் கேட்டதுதான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2012 மார்ச்சில் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின், இலவசமாக. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பொட்டுக்கும் குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, நாப்கினுக்கு 12 சதவீதம்! பெண்கள் குரல் எழுப்பினார்கள், 2018 ஜூலையில் வரி நீக்கப்பட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் 2015-16இல் 57.6 சதவீதம், 2019-21இல் 77.3 சதவீதம். இது சாதாரண முன்னேற்றம் இல்லை.

ஆனாலும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது.

2018 நவம்பர், கஜா புயல் இரவு. பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில் 14 வயதுப் பெண் பிள்ளை, பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். தென்னைமரம் குடிசைமேல் விழுந்தது. பிள்ளை போய்விட்டாள். புயல் வரும் என்று டிவியில் நாள் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2025 ஏப்ரல், கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி, பூப்பெய்திய சில நாளில் தேர்வு எழுத வந்தவளை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்து எழுதவிட்டார்கள். அந்த அம்மா எடுத்த காணொளி ஊரெல்லாம் பரவி, பள்ளி முதல்வர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். யார் சொல்லி நடந்தது என்ற வாதம் இருக்கட்டும். 1912இல் திருப்பூணித்துறையில் ஒரு தலைமையாசிரியர் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலம் போனால் தானாக எல்லாம் சரியாகும் என்று நான் உங்களுக்கு ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. யாராவது வாயைத் திறந்தால்தான் சரியாகும்.

அதனால் வீட்டுப்பாடம். என் வகுப்பில் வீட்டுப்பாடம் இல்லாமல் யாரும் போனதில்லை.

கடை வைத்திருப்பவர்கள், பொட்டலத்தைச் சுற்றுவதற்கு முன் "பேப்பர் வேண்டுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையாவது கொடுங்கள். அப்பாக்கள், மாதச் சாமான் பட்டியலில் பருப்பு, புளியோடு நாப்கினையும் எழுதி நீங்களே வாங்கி வாருங்கள். அம்மாக்கள், பத்து வயது ஆனதும் மகளிடம் சொல்லுங்கள், மகனிடமும் சொல்லுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் மொட்டைமாடி வெயிலில் காயப்போடுங்கள். நாப்கினை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கழிப்பறைக்குள் போடாதீர்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவ மாணவிகளே, நாளைக்கே உங்கள் பள்ளிப் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோகும், எழுத்தில் கேட்டால் கோப்பில் இருக்கும். பின்னால் வரும் வரலாற்று ஆசிரியைக்கும் அது உதவும்.

பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பையன்கள் முதலில் எழுதினால் கூடுதல் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்